தவசீலன் திரும்பிப் போன ஏழு வீடுகள்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் மீன்கடைக்காரர், இறைச்சிக்கடைக்காரர், கொத்துரொட்டிக் கடைக்காரர் எல்லோருடைய தொலைபேசியிலும் தவசீலனின் எண் 'பிரிட்ஜ் தவம்' என்றுதான் பதிந்திருக்கும். ஓகஸ்டில் வெயில் முப்பத்தெட்டுப் பாகையைத் தாண்டும் நாட்களில் அந்த எண்ணுக்கு ஓய்வே கிடையாது. குளிரறை நின்றுவிட்டால் பாரையும் விளைமீனும் அரைநாள்கூடத் தாங்காது. கடைக்காரர் வாசலில் நின்று பதறிக்கொண்டிருப்பார். தவசீலன் மெட்ரோவில் வந்து இறங்கி, கருவிப் பையை நிலத்தில் வைத்து, இயந்திரத்தின் பின்பக்கம் குந்தியிருந்து ஒரு நிமிடம் சத்தத்தை மட்டும் கேட்பார். அதுவரை யார் எதைக் கேட்டாலும் பதில் வராது.

அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. இந்தக் கதையில் அது முக்கியம்.

குளிரூட்டும் வேலையை அவர் பழகியது இலங்கையில், வன்னியின் மல்லாவி ஆஸ்பத்திரியில், இருபது வயதில். சண்டைக் காலம், மின்சாரம் இல்லை. தடுப்பூசி மருந்துகளை வைத்திருந்த பெட்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. அடியில் சின்னச் சுவாலை எரியும், மேலே பெட்டிக்குள் குளிரும். அந்தச் சுவாலை அணையாமல் பார்ப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஏன் குளிர்கிறது என்று விளங்க அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

2010இல் பாரிசுக்கு வந்தார். முதல் மூன்று வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் பழைய பிரிட்ஜ் வாங்கி விற்ற ஒருவரோடு சேர்ந்தார். இரவு வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்து, குளிரூட்டும் வாயுவைக் கையாள்வதற்கான சான்றிதழையும் எடுத்தார். மனைவி தயானி பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடமொன்றில் வேலை செய்தார். லா கூர்னெவ் புறநகரில் மூன்று அறை வீடு. வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அரசாங்கம் வீடுகளைச் சூடாக்கும் முறையை மாற்றத் தொடங்கியது. எண்ணெயில் ஓடும் கொதிகலன்களை இனிப் புதிதாகப் பொருத்தக்கூடாது என்று 2022 நடுவில் சட்டம் வந்தது. அவற்றின் இடத்தில் வெப்பப் பம்பு வைப்பவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். வருமானத்தைப் பார்த்துக் குடும்பங்களை நீலம், மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்பு என்று நிறம் நிறமாகப் பிரித்திருந்தார்கள். புறநகரில் வீடு வாங்கியிருந்த எங்கள் ஆட்கள் சனிக்கிழமைகளில் லா ஷப்பலுக்குச் சாமான் வாங்க வரும்போது, "நீங்கள் நீலமோ மஞ்சளோ?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

வெப்பப் பம்பு பற்றிப் பலருக்குச் சந்தேகம். வெளியே பனி கொட்டும்போது அந்தக் காற்றிலிருந்து சூடு எடுக்கிறதாம், அது எப்படி? தவசீலனுக்கு அதில் புதினம் எதுவும் இருக்கவில்லை. "பிரிட்ஜ் தனக்குள்ளை இருக்கிற சூட்டை எடுத்து வெளியிலை விடுது. இது வெளியிலை இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள்ளை விடுது. அதே மெஷின்தான், திருப்பி வைச்சிருக்கு" என்றார் என்னிடம் ஒருமுறை. "நெருப்பை வைச்சுக் குளிர் எடுத்தவனுக்கு இது என்ன பெரிய விசயம்?"

உதவித்தொகை கிடைக்க ஒரு நிபந்தனை இருந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் பம்பைப் பொருத்த வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஆட்கள் போதவில்லை. புறநகர் நிறுவனம் ஒன்று தவசீலனைக் கூப்பிட்டது. நிரந்தர வேலை, வாகனம், ஞாயிறு லீவு. நாற்பத்தாறு வயதில் இதைவிட நல்லது வராது என்று தயானி சொன்னார். தவசீலனும் போனார்.

நிறுவனம் அவரை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பியது. படிப்பித்தவர் மர்கரீத் என்ற பெண். முப்பது வருடம் தானே கொதிகலன் பொருத்தியவர். முதல் நாள் காலையிலேயே அவர் சொன்னாராம்: "ஒரு வீட்டுக்குள் போனதும் கொதிகலனைப் பார்க்காதீர்கள். ஏணியை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். கூரைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். வீட்டுச் சூட்டில் பெரிய பங்கு அதாலேதான் போகும். அது திறந்து கிடந்தால், நீங்கள் வைக்கிற பம்பு தெருவைத்தான் சூடாக்கும்."

அந்த வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்று கணக்குப் போட்டுத்தான் பம்பின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். சோதனையில் முதல் தடவை தவசீலன் அந்தக் கணக்கில் தவறினார். கணக்கு விளங்கியது, கேள்வி எழுதியிருந்த பிரெஞ்சுதான் விளங்கவில்லை. இரண்டாம் தடவை சித்தியடைந்தார். ஆகவே அவருக்குத் தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. அவரும் அப்படிச் சொன்னதில்லை.

நிறுவனத்தின் விற்பனைக்காரர் ஒலிவியே. நல்ல உடுப்பு, நல்ல சிரிப்பு. இப்படியான வேலைக்கு வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பிடிப்பது சட்டப்படி தடை. அதனால் கடைத்தொகுதி வாசலில் ஒரு மேசை போட்டு, போகிறவர்கள் வருகிறவர்களிடம் எண்களை வாங்கிக்கொள்வார். அந்தப் பட்டியலில் நீளமான பெயர்களைக் கண்டதும் தவசீலனிடம் வந்தார்.

"இவர்கள் உங்கள் ஆட்கள்தானே? நீங்களும் என்னோடு வாருங்கள். உங்கள் மொழியில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குப் பயம் இருக்காது."

அது உண்மைதான். பயம் இருக்கவில்லை. ஆறு மாதத்தில் ஏழு தமிழ் வீடுகள்.

ஐந்தாவது வீடு லெ பிளாங்-மெனிலில், வள்ளிநாயகியின் வீடு. ஐம்பத்தெட்டு வயது. கணவர் இறந்து நான்கு வருடம். விடியற்காலை நாலரைக்கு வெளிக்கிட்டு அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர். மகள் ஹரிப்பிரியா இங்கே பிறந்தவள், தாதியர் படிப்பு இரண்டாம் வருடம். வீடு தொண்ணூறு வருடப் பழசு. நிலவறையில் எண்ணெய்த் தாங்கி, அதற்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பழைய கொதிகலன். இன்னொரு குளிர்காலத்தை அது தாண்டாது என்று வள்ளிநாயகிக்கே தெரிந்திருந்தது.

செப்டெம்பர் மாதம். ஒலிவியே குசினி மேசையில் கையகக் கணினியை விரித்து வைத்து அம்மாவோடு பேச, தவசீலன் அளவெடுக்க மேலே போனார். கூரைக்கு அடியில் வெறும் பலகை. தூசி, காலியான குளவிக்கூடு ஒன்று, ஓட்டு இடுக்குகளால் உள்ளே விழுந்த வெயில் கோடுகள். சூட்டைத் தடுக்க ஒரு விரல் அளவு பஞ்சுகூட இல்லை. அவர் இறங்கி வந்து, ஒலிவியேயை நடைக்குக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

"மேலே ஒன்றுமே இல்லை. முதலில் அதைச் செய்ய வேண்டும்."

"அது வேறு டொசியே, வேறு விண்ணப்பக் கோப்பு" என்றார் ஒலிவியே. "நாங்கள் பம்பு நிறுவனம். அம்மா கேட்பதும் பம்பு."

இரண்டு பேரும் மேசைக்குத் திரும்பினார்கள். வள்ளிநாயகி தேத்தண்ணியும் முறுக்கும் வைத்தார். ஒலிவியே சொல்லச் சொல்லத் தவசீலன் தமிழில் சொன்னார். எண்ணெய்ச் செலவு இல்லை. பராமரிப்பு நிறுவனம் பார்க்கும். உதவித்தொகைக்கான பத்திரங்களையும் நிறுவனமே செய்யும். மிச்சக் காசுக்கு மாதம் மாதம் கட்டும் கடன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடைசியில் வள்ளிநாயகி ஒலிவியேயை விட்டுவிட்டுத் தவசீலனின் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, இவர் சொல்லுறது எனக்குப் பாதி விளங்குது, பாதி விளங்கேல்லை. நீங்க இந்த வேலை தெரிஞ்ச ஆள். உங்கடை அக்கா எண்டு நினைச்சுச் சொல்லுங்கோ. இதை வைக்கலாமோ?"

"என்ன கேட்கிறார்?" என்றார் ஒலிவியே.

"நல்லதா என்று கேட்கிறார்."

தவசீலன் வள்ளிநாயகி பக்கம் திரும்பினார். "மெஷின் நல்ல மெஷின் அக்கா. அரசாங்கமும் காசு குடுக்குது" என்றார்.

இரண்டும் உண்மை. வள்ளிநாயகி விரலால் திரையில் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் தவசீலனும் இன்னொரு தொழிலாளியும் போய் இரண்டு நாளில் பம்பைப் பொருத்தினார்கள். சுத்தமான வேலை. குழாய் இணைப்பில் ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. வேலை முடிந்ததும் அலுவலகத்திலிருந்து வந்த பத்திரங்களில் அவர் ஒப்பமிட வேண்டியிருந்தது. அதில் ஒன்று, வீட்டின் சூட்டிழப்பைக் கணக்கிட்ட தாள். ஏற்கெனவே தட்டச்சு செய்து வந்திருந்தது. கூரைக் காப்பு என்ற வரிக்கு எதிரே 'உண்டு, முப்பது சென்ரிமீற்றர்' என்று இருந்தது. அவர் அதை வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். வாகனத்தில் மற்றத் தொழிலாளி காத்துக்கொண்டிருந்தார். ஒப்பமிட்டார்.

டிசெம்பர் மிதமான குளிரோடு போயிற்று. ஜனவரியில் வெப்பநிலை சைபருக்குக் கீழே ஐந்துக்கு இறங்கியது. ஒரு சனிக்கிழமை காலை வள்ளிநாயகி அவருடைய சொந்தத் தொலைபேசிக்கு அழைத்தார். குரலில் கோபம் இல்லை. ஒருக்கால் வந்து பார்க்க ஏலுமோ என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவசீலன் ஆர்.ஈ.ஆர் ரயிலில் போனார். கதவைத் திறந்த வள்ளிநாயகி வீட்டுக்குள்ளேயே குளிர்க்கோட்டு போட்டிருந்தார். வரவேற்பறையில் பதினான்கு பாகை. தாயும் மகளும் ஒரே அறைக்குள், ஒரு சின்ன மின் சூடேற்றியை வைத்துக்கொண்டு படுத்தெழும்பிக்கொண்டிருந்தார்கள். ஹரிப்பிரியா கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு புத்தகத்தோடு இருந்தாள். மேசையில் மின்சாரக் கட்டணப் பில். எண்ணெய்க்குக் கொடுத்ததைவிட அது கூட.

தவசீலன் பம்பின் திரையைப் பார்த்தார். உள்ளே அவசரத்துக்கென்று ஒரு மின்சுருள் இருக்கும். பம்பால் ஏலாதபோது மட்டும் அது வேலை செய்ய வேண்டும். இங்கே அது பதினெட்டு நாளாக ஒரு நிமிடமும் நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது. பம்பு தன்னால் முடிந்ததைச் செய்தது. சுருளும் செய்தது. வீடு எல்லாவற்றையும் கூரையால் வெளியே விட்டது. அவருக்கு ஏணி தேவைப்படவில்லை.

வள்ளிநாயகி பின்னால் வந்து நின்றார்.

"தம்பி, நான் ஏதும் பட்டனைப் பிழையா அமத்திப் போட்டனோ? கொம்பனிக்கு அடிச்சனான். நான்தான் எதையோ மாத்தியிருப்பன் எண்டு சொல்லினம். நான் தொடவே இல்லை. ஆனா துடைக்கேக்கை கை பட்டுதோ தெரியாது."

தவசீலன் எனக்குச் சொன்னார், அந்த இடத்தில் 'ஓம் அக்கா, ஏதோ மாறிப் போச்சு, நான் சரி பண்ணிவிடுறன்' என்று சொல்லியிருக்கலாம் என்று. வள்ளிநாயகி நம்பியிருப்பார். நன்றியும் சொல்லியிருப்பார். கருவிப் பையை மூடிக்கொண்டு பத்து நிமிடத்தில் ரயிலில் இருந்திருக்கலாம்.

"இல்லை அக்கா" என்றார். "நீங்க ஒரு பிழையும் விடேல்லை. பிழை விட்டது நான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூரைக்கு அடியில் பார்த்தது, நடையில் ஒலிவியே சொன்னது, ஒப்பமிட்ட தாள். கேள்வி கேட்டது ஹரிப்பிரியா. பிரெஞ்சில், மரியாதை குறையாமல் கேட்டாள்.

"செப்டெம்பரில் இந்த மேசையில் இருந்தபோதே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒலிவியேக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் அம்மாவிடம் என்ன சொல்லியிருந்தாலும் அவருக்கு விளங்கியிருக்காது. ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே."

வேலை போய்விடும் என்ற பயமா என்றால், செப்டெம்பரில் அந்த நிமிடத்தில் தவசீலனுக்கு அதுகூட நினைவில் இருக்கவில்லையாம். கேட்டதை மொழிபெயர்க்க வந்தவன், மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார். தான் பார்த்ததும் அந்த மேசைக்கு வரவேண்டிய ஒரு பேச்சு என்று தோன்றவில்லை. அன்று வள்ளிநாயகி தேத்தண்ணி கொடுக்கவில்லை. தவசீலன் புறப்பட்டபோது கதவுவரை வந்து சாத்தினார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவருக்கு ஒரு தாளைக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் இயந்திரத்தைப் பிழையாகப் பயன்படுத்தியதாகத் தவசீலன் நேரில் கண்டார் என்று அதில் எழுதியிருந்தது. ஞாயிறு அவர் போனது எப்படியோ தெரிந்திருந்தது. ஒப்பமிட மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டார்கள். அது பொய் என்றார். போன நவம்பரில் ஒப்பமிட்டது மட்டும் உண்மையோ என்று மேலாளர் சிரித்தபடி கேட்டார்.

அன்று மாலை தயானியிடம் வேலையை விடப்போவதாகச் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, நீங்களா விட்டால் வேலையில்லாக் காசும் வராது. அவை நிப்பாட்டட்டும். அதுவரைக்கும் போங்கோ, பொய்த்தாளிலை கையெழுத்து வைக்காதேங்கோ, அவ்வளவும் காணும்" என்றார் தயானி. இரண்டு கிழமையில் அவர்களே நிறுத்தினார்கள். கடிதத்தில் எழுதியிருந்த காரணம், அனுமதி இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது.

வேலை போன முதல் ஞாயிறு, தொலைபேசி நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளி அந்த ஏழு விலாசங்களையும் ஒரு கொப்பியில் எழுதினார். எல்லா வீடுகளுக்கும் திரும்பிப் போவதென்று முடிவெடுத்தார். தயானிக்கு இது பிடிக்கவில்லை.

"ஒரு வீட்டுக்குச் சொன்னது காணாதே? மற்றவை ஒண்டும் கேக்கேல்லையே. போய்த் தலையைக் குடுத்தால் சனம் உங்களைத்தான் அடிக்கும், ஒலிவியேயைத் தேடிப் போகாது."

"அது சரிதான்" என்றாராம் தவசீலன். "அவை என்னைப் பாத்துத்தானே வைச்சவை."

போனார். முதல் வீடும் மூன்றாவது வீடும் நன்றாக இருந்தன. முன்பு இருந்தவர்கள் கூரையையும் யன்னல்களையும் செய்து வைத்திருந்ததால் பம்பு அமைதியாக ஓடியது, மின்செலவு பாதியாகியிருந்தது. ஒரு வீட்டில் அந்த மனிதர் கைகொடுத்து, இப்படியொரு நல்ல சாமானைக் காட்டித் தந்ததற்கு நன்றி என்றார். தவசீலனுக்கு அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த இயந்திரத்தில் குற்றமில்லை என்பதை மட்டும் தன் கண்ணால் பார்த்துக்கொண்டார்.

மற்ற வீடுகளில் குளிர்தான். ஒரு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்தப் பிள்ளையின் தாய் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொண்டி என்ற புறநகரில் பாலேந்திரன் என்ற பேருந்துச் சாரதி, முழுவதையும் சொல்ல விடவில்லை. கதவைச் சாத்திவிட்டார். அடுத்த சனிக்கிழமை ரூ பிலிப்-து-ஜிராரில் மரக்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற சனத்துக்கு நடுவில் பாலேந்திரன் அவரைக் கண்டார்.

"இவரைப் பாத்துக்கொள்ளுங்கோ. தமிழிலை கதைச்சு எங்களை அந்தக் கொம்பனிக்கு வித்துக் குடுத்தவர். இப்ப வேலை போனவுடனை மன்னிப்புக் கேட்டுத் திரியிறார்."

தவசீலன் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். வேலை போனது பிறகு, வள்ளிநாயகியிடம் சொன்னது முதல் என்று திருத்தலாம். திருத்தவில்லை. "ஓம் அண்ணை, நான்தான்" என்றார். "கூரைக்கு அடியிலை ஒருக்கால் ஏறிப் பாக்க விடுங்கோ. அதுக்குப் பிறகு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ." பாலேந்திரன் காறித் துப்பிவிட்டுப் போனார். கடைக்காரர்கள் இரண்டு பேர், அவருக்குக் குளிரறை வேலை கொடுப்பதைச் சில மாதம் நிறுத்தி வைத்தார்கள்.

இதற்கிடையில் வள்ளிநாயகியிடமிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. நகரசபைப் பக்கம் வீட்டுச் சக்தி ஆலோசனைக்கென்று அரசாங்கத்தின் இலவச அலுவலகம் இருக்கிறதென்று தவசீலன் முன்பு சொல்லியிருந்தார். தான் தனியே போனால் பாதிதான் விளங்கும், கூட வரமுடியுமா என்று கேட்டார். கொஞ்சம் நிறுத்தி, "இந்த முறை எல்லாத்தையும் சொல்லுவியள்தானே?" என்றார்.

"சொல்லுவன் அக்கா."

அலுவலகத்திலிருந்த பெண் அவர்களைச் சந்திக்க ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார். செய்ய வேண்டிய ஒழுங்கை ஒரு தாளில் கீறிக் காட்டினார்: கூரை, பிறகு மிகப் பழைய இரண்டு சுவர்ச் சூடேற்றிகள், அதற்குப் பிறகு பம்பின் அளவை மாற்றியமைப்பது. கூரைக்கும் உதவித்தொகை உண்டு. முதலிலேயே இங்கே வந்திருந்தால் எல்லாம் ஒரே டொசியேயில் போயிருக்கும் என்று அவர் சொன்னதைத் தவசீலன் அப்படியே தமிழில் சொன்னார். அதைச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை.

நிறுவனத்தின் மேல் முறைப்பாடு கொடுப்பதற்கு அவருடைய வாக்குமூலம் தேவைப்பட்டது. ஒரு மாலை வள்ளிநாயகி வீட்டுக் குசினியில் அவர் தமிழில் சொல்ல, ஹரிப்பிரியா பிரெஞ்சில் எழுதினாள். ஓரிடத்தில் பேனையை நிறுத்தினாள்.

"அங்கிள், 'கூரையில் காப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே ஒப்பமிட்டேன்' என்று எழுதினால் உங்களுக்கும் பிரச்சினை வரும். 'ஒப்பமிடச் சொன்னார்கள்' என்று எழுதினால் போதாதா? அதுவும் உண்மைதானே."

அவள் அப்படிச் சொன்னது தவசீலனுக்கு எதிர்பாராத விசயம். ஜனவரியில் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவள்தான்.

"அவை சொன்னதும் உண்மை, எனக்குத் தெரியுமெண்டதும் உண்மை. ரெண்டையும் எழுதுங்கோ பிள்ளை" என்றார்.

அவள் எழுதினாள். பிறகு அவர் அதைப் பார்த்துத் தன் கையால் பிரெஞ்சில் பிரதி செய்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. முடித்தபோது வள்ளிநாயகி ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அந்தக் கோடையில் கூரைக்கு அடியில் முழங்கால் உயரத்துக்குப் பஞ்சு நிரப்பினார்கள். சூடேற்றிகள் இரண்டையும் தவசீலன் இரண்டு ஞாயிறு வந்து மாற்றினார், கூலி வாங்கவில்லை. அடுத்த குளிர்காலம் வீடு பத்தொன்பது பாகையில் நின்றது. மின்சுருள் முழுக் குளிர்காலத்திலும் இரண்டு நாள்தான் எரிந்தது. ஆனால் பம்புக்காக எடுத்த கடன் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. நிறுவனம் வசந்தம் வருவதற்கு முன்பே பூட்டிக்கொண்டது. வேறு பெயரில் திறந்திருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள், எனக்கு உறுதியாகத் தெரியாது. விசாரணை இன்னும் முடியவில்லை. விசாரித்த அதிகாரி தவசீலனிடம், நீங்கள் மொழிபெயர்ப்பாளராகத்தானே போனீர்கள் என்று கேட்டாராம். இல்லை, பொருத்துநராகப் போனேன், மொழிபெயர்த்ததும் நான்தான் என்று இவர் திருத்தினார். அதற்காக என்ன வருமோ, வரட்டும் என்று இருக்கிறார். பாலேந்திரன் மார்ச் மாதத்தில் ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, வேறு ஒரு பேச்சும் இல்லாமல், "எப்ப வந்து மேலை ஏறுறீர்?" என்று கேட்டார். மன்னித்தாரா என்று தெரியாது. கூரை செய்தாயிற்று.

தவசீலன் எட்டு மாதம் மறுபடி பிரிட்ஜ் வேலை செய்தார். பிறகு பொண்டியில் மூன்றே பேர் உள்ள ஒரு சின்ன நிறுவனம் அவரை எடுத்தது. வீடுகளைத் தானே போய்ப் பார்க்க வேண்டும், கணக்கையும் தானே போட வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். தமிழ் வீடாக இருந்தால், விலைத்தாளோடு இன்னொரு தாளையும் கொடுப்பார். மேலே என்ன பார்த்தார், கீழே என்ன பார்த்தார், எது முதலில் செய்ய வேண்டும் என்று தமிழில், கையெழுத்தில். மேசையில் இருந்து அதை வாசித்தும் காட்டுவார். இப்போது அவர் முன்பைவிடக் கூடப் பேசுகிறார் என்று தயானி சொல்கிறார்.

இந்த வருடம் அரசாங்கம் உதவித்தொகை விண்ணப்பங்களைக் கோடையில் கொஞ்சக் காலம் நிறுத்தி, இலையுதிர் காலத்தில் மறுபடி திறந்தது. அடுத்த வருடம் என்ன சட்டம் வருமோ என்று சனத்துக்கு அவசரம். ஒக்டோபரில் திலகம் என்ற பெண்ணின் வீட்டுக்குத் தவசீலன் போனார். கணவனும் மனைவியும் பம்பு வைப்பதென்று முடிவெடுத்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மேலே ஏறி இறங்கி வந்து தாளை எழுதி வாசித்தார். இந்த வருடம் கூரையும் பின்பக்க யன்னல்களும், பம்பு அதற்குப் பிறகு.

"பிறகு அரசாங்கம் குடுக்கிற பிரீம் குறைஞ்சு போனால் நீங்களோ தருவியள்?" என்று கேட்டார் திலகம்.

"தரமாட்டன் அக்கா. குறையவும் கூடும். அதையும் எழுதிவிடுறன்" என்று சொல்லி, தாளின் அடியில் அந்த வரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

மூன்று கிழமையில் அவர்கள் வேறொரு நிறுவனத்தைக் கொண்டு பம்பை வைத்துவிட்டார்கள். அந்தத் தெருவால் போகும்போது பக்கச் சுவரோடு வெள்ளைப் பெட்டி நிற்பதைத் தவசீலனே கண்டிருக்கிறார். வேலை கைவிட்டுப் போனதில் முதலாளிக்குக் கொஞ்சம் மனவருத்தம். உங்களுக்கும் வருத்தமாக இருக்கவில்லையா என்று நான் கேட்டேன்.

"குளிரப் போகுது எண்டதுதான் கவலை. மற்றும்படி ஒண்டுமில்லை. அவை தெரிஞ்சுதானே வைச்சவை."